சொல்லுக்குச் சொந்தக்காரர்கள்

பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னார்கள். தமயந்திக்குப் பாட வராது. பிழைப்பு ஸ்பானிஷ் கற்றுக்கொடுப்பது. இதுவரை வந்த மாப்பிள்ளைகள் யாரும் அவளிடம் நேராக எதையும் கேட்டதில்லை. இவனும் கேட்காவிட்டால் வேண்டாமென்று சொல்லிவிட இருந்தாள்.

"அந்தப் பாஷையில ஒரு வார்த்தையாவது சொல்லேன்மா" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

"கெரேர். விரும்புறதுன்னு அர்த்தம். லத்தீன்ல இருந்தப்போ தேடுறதுன்னு அர்த்தம்."

"அதுக்குச் சொந்தக்காரங்க?" அத்தைக்கு அதுதான் முக்கியம்.

"இங்கிலீஷ்ல இருக்காங்க. ஒருத்தர் கொஸ்டின், கேள்வி கேக்கறவர். இன்னொருத்தர் கான்க்வெஸ்ட், ஊரையே அடிச்சுப் பிடிக்கிறவர்."

"ரெண்டாவது ஆளு எங்க வீட்டுக்காரர் மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கருணாகரன் பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான்.

"நாங்க எல்லாரும் உங்களைப் பாத்தாச்சு. நீங்க என்னைப் பாத்தீங்களா?"

"இருங்க, பாக்குறேன்" என்று தமயந்தி அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.