சொன்னபடி கேட்கும் போன்

“புதுசை விட்டுட்டு யாராச்சும் பழசை வாங்குவாங்களாடி?”

லிட்டில் இந்தியாவில் யூசுப் கடையில் நின்றுகொண்டு துளசி மகளிடம் பொருமினாள். கண்ணாடிக்குள் புத்தம் புதுப் போன்கள் மின்னின. தனுஜா கையில் இருந்ததோ மூலை தேய்ந்த பழசு.

“அண்ணே, இதோட பூட்டைத் திறக்க முடியுமா? உள்ள இருக்கிற சாப்ட்வேரை அழிச்சிட்டு நான் எழுதினதைப் போடணும்.”

“இதுல முடியும்லா. அந்தப் புதுசுல எல்லாம் கம்பெனிக்காரன் விட மாட்டான். ஆனா திறந்துட்டு வாரண்டி கேட்டு வராதம்மா.”

“நல்லா சொல்லுங்கண்ணே! கம்ப்யூட்டர் படிக்க வச்சா, நல்ல போனைக் கெடுக்கத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கா.”

“அம்மா, மத்த போனெல்லாம் கம்பெனி சொல்றதைத்தான் கேக்கும். இது நான் சொல்றதைக் கேக்கும்.”

“முதல்ல நீ நான் சொல்றதைக் கேளு!”

யூசுப் சிரித்துவிட்டார்.

காரில் ஏறியும் துளசி ஓயவில்லை.

“போன் இருந்து என்ன? பேச மனசு வேணும். உங்க பெரியம்மாகிட்டயும்தான் ஒண்ணு இருக்கு.”

கடல் பாலம் தாண்டி, சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் தனியாக இருக்கிறாள் அக்கா ஜெயலெட்சுமி. சில மாதமாகவே துளசி கூப்பிட்டால் மணி அடிக்கும். உடனே கட் ஆகும். திரும்பக் கூப்பிடுவதும் இல்லை. கடைசியாகப் பேசியபோது எதைத் தப்பாகச் சொன்னோம் என்று யோசித்து யோசித்தே துளசி பாதியாகிவிட்டாள்.

“இந்தத் தீபாவளிக்கு அவ வீட்டுப் படி ஏற மாட்டேன். முறுக்கும் கிடையாது.”

“பெரியம்மா பாவம்மா.”

“உனக்கென்ன? வேலை முடிஞ்சு அங்க போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றே. ஏன் கட் பண்றான்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டே!”

தனுஜா காரைக் கிளப்பினாள்.

அதன்பிறகு வீட்டில் எந்நேரமும் அந்தப் பழைய போன்தான். இரண்டு முறை செத்துப் பிழைத்தது. தீபாவளி நெருங்கியபோது அதைக் காணோம்.

“எங்கடி அது?”

“வேலை முடிஞ்சிருச்சு, கொடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“பெரியம்மாவை ஒரு தடவை கூப்பிடுங்க, சொல்றேன்.”

“நான் மறுபடியும் அவமானப்படணுமா?”

துளசியின் கையெல்லாம் முறுக்கு மாவு. தனுஜாவே எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

மணி அடித்தது. இதோ கட் ஆகும் என்று துளசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“துளசி! எடுத்துட்டேன்டி! எங்க தொட்டாலும் எடுக்குது. கட் பண்ற சிவப்புப் பட்டனையே இல்லாம பண்ணிட்டா உன் மக!”

துளசி மாவுக் கையோடு போன் பக்கம் குனிந்தாள். “இத்தனை நாளா நீதானேக்கா கட் பண்ணினே?”

“நான் எங்கடி பண்ணினேன்? கை நடுங்குது. பச்சையைத் தொடப் போனா விரல் சிவப்புல விழுது. நானா கூப்பிடலாம்னா ஒரு நம்பரும் ஒழுங்கா அழுத்த வரல. டாக்டர் மருந்து கொடுத்திருக்காரு. சொல்லக்கூடாதுன்னு தனுகிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன்.”

“என்கிட்டகூடவா மறைப்பே?”

“கை நடுங்குதுன்னு தெரிஞ்சா நீ சோறு தண்ணி இல்லாம கெடப்பியேடி. திமிர் பிடிச்சவன்னு என்னைத் திட்டிக்கிட்டாவது நிம்மதியா தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”