சவரிமுத்து சாரின் மணிக்கட்டு

கரும்பலகைக்கு வரும் பிள்ளையின் நாடி ஆசிரியரின் மணிக்கட்டுப் பட்டையிலும் துடிக்க வேண்டும் என்று அந்த வருஷம் சட்டம் வந்தது. கணக்கு வாத்தியார் சவரிமுத்து வேண்டாவெறுப்பாகத்தான் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

ஆறாம் வகுப்பு பேச்சியம்மாள் சாக்பீஸோடு நின்றாள். இன்றைக்கும் வகுத்தல் வராவிட்டால் அவளை ஐந்தாம் வகுப்புக்கே திருப்பி அனுப்புவதாக முடிவாகியிருந்தது.

"ஏட்டி, என்ன மரம் மாதிரி நிக்க? போடு!"

அதட்டிய மறுநொடி பட்டை படபடவென்று அடித்தது. சவரிமுத்துவுக்கு மூச்சு முட்டியது. பலகையிலிருந்த கணக்கின் விடை அவருக்கே மறந்துபோயிற்று. இருபத்திரண்டு வருஷமாக, மக்கு என்று தான் திட்டிய பிள்ளைகளெல்லாம் இப்படித்தான் நின்றார்களா?

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். துடிப்பு மெல்லத் தணிந்தது. பேச்சியம்மாள் கணக்கை மீதியில்லாமல் வகுத்து முடித்தாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் வாயில் அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை.

பேச்சியம்மாள் மட்டும் பலகையை அழித்துக்கொண்டே சொன்னாள்: "சார், நீங்க அங்கனயே இருங்க. அடுத்த கணக்கையும் போட்டுருதேன்."