ஒருவேளைக்கு இடமில்லை

மாலதி மேடத்துக்கு ‘ஒருவேளை’ என்ற சொல்லே ஆகாது.

கடலூர் ஆஸ்பத்திரி நோயாளி ஒருவரின் ரத்தத்திலிருந்த கிருமி, சிதம்பரம் லேபுக்கு வந்திருந்தது. மற்ற மருந்தெல்லாம் தோற்றுப்போய், ஒன்றுதான் மிச்சம். அந்த மருந்தைக் கிருமியின் மரபணு என்ன செய்யும் என்று ராஜ்கமல் ரிப்போர்ட் எழுத வேண்டும்; லேப் தலைவரான மேடம் அதைச் சரிபார்ப்பார்.

‘ஒருவேளை மருந்தை முறிக்கலாம்’ என்று டைப் செய்தான்.

"அழிங்க ராஜ்கமல்! மரபணு வேலையைச் சொல்றதுக்கு உலகம் பூரா ஒத்துக்கிட்ட வார்த்தைங்க இருக்கு. அதுல ஒருவேளை கெடையாது."

"இதான் மேடம் அவருக்குக் கடைசி மருந்து. கொஞ்சம் எளக்கமா எழுதுனா டாக்டரு குடுத்தாவது பாப்பாரு."

"நாம எளக்கமா எழுதுனா கிருமி எளகிடுமா? டெஸ்ட் என்னா சொல்லுது?"

"முறிக்குதுன்னுதான் சொல்லுது."

"அப்ப அதையே போடுங்க."

கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, ‘மருந்தை முறிக்கும்’ என்று திருத்தி அனுப்பினான்.

மேடத்தின் போன் அடித்தது. கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள். எழுந்து ஜன்னலோரம் போனார்.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா. அப்பாகிட்ட போனைக் குடு."

மறுமுனையில் கணவரின் குரல் கேட்டதும், ராஜ்கமலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க... ஒருவேளை, இந்த மருந்து கேட்டாலும் கேக்கும்ங்க."