மிளகாய்ச் செடிக்கு மருந்து

"கிட்ட வராதீங்க, கண்ணு எரியும்" என்றாள் பியாட்ரிஸ். தூபா வேரைக் கல்லில் வைத்து நசுக்கி, வாளித் தண்ணீரில் பிழிந்தாள். தண்ணீர் பாலாக வெளுத்தது.

மரியநாதன் நகரவில்லை. பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் அவன் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. கல்யாணமான நாலு வருஷத்தில் மனைவியின் செடிகளை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்த்தவனில்லை. அந்தச் சனிக்கிழமை மட்டும் வாளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"யாரு குடுத்தா இந்த வேரை?"

"ஆத்தோரம் காய்கறி போடுற சீனர்தான். மிளகா, கத்தரி, புதினா எல்லாத்துலயும் அசுவினிப் பூச்சி அப்பிக் கெடக்குதுங்க. இதைத் தெளிச்சா ஒரே நாள்ல சுத்தமாயிடுமாம்." போத்தலில் ஊற்றித் தக்கையை அழுத்தினாள். "ஆத்துல கலந்தா மீனெல்லாம் செத்து மிதக்குமாம். மனுஷன் வாயில படவே கூடாதுன்னு சொன்னாரு."

"சரி, உயர வை" என்றான் மரியநாதன். அவள் அதை அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்ததைப் பார்த்துக்கொண்டான்.

ஆயர் ஈத்தாம் பட்டணத்தில் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகளுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தான். ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். ஆனால் மாதா கோயிலில் கட்டிய தாலியை எந்தச் சாமியாரும் பிரித்துவிட மாட்டார். சாவு வந்துதான் பிரிக்க வேண்டும்.

பியாட்ரிஸ் ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒருதரம், செவ்வாய்க்கிழமை ஒருதரம், ஈர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டிப் போத்தல் தண்ணீரில் நனைத்து நனைத்துச் செடிகளில் தெளித்தாள். புதன்கிழமை சாயங்காலம் அவன் ஆபீஸிலிருந்து திரும்பியபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இங்க வந்து பாருங்களேன். ரெண்டு தரம் தெளிச்சும் ஒரு பூச்சிகூடச் சாகல."

மண்ணெண்ணெய் டின்னில் நின்ற மிளகாய்ச் செடியின் இலையை அவன் புரட்டினான். அடியில் பச்சைப் பூச்சிகள் மொய்த்து ஊர்ந்துகொண்டிருந்தன. வேரில் வீரியம் இல்லையோ? அப்படியென்றால் நினைத்ததைவிடக் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. மேசைமேல் இரண்டு டம்ளர் காப்பியை வைத்துவிட்டு, "புதினா டின்னெல்லாம் நனையுது, உள்ள இழுத்துட்டு வந்துடறேன்" என்று தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவள் பின்பக்கம் ஓடினாள்.

மரியநாதன் போத்தலை எடுத்தான். அவள் டம்ளரில் ஊற்றினான். யோசித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினான். கரண்டியால் கலக்கிவிட்டுப் போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தான்.

பியாட்ரிஸ் ஈரத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். டம்ளரை எடுத்து, நிறுத்தாமல் ஒரே மூச்சில் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே அவனும் குடித்தான். நாக்கில் ருசி எதுவும் உறைக்கவில்லை. தகர ஓட்டில் மழை இரைந்தது.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வெள்ளிக்கிழமை நீங்க ஆபீஸ் போனப்புறம் ஒரு பெரியவர் வந்தாருங்க. ஆயர் ஈத்தாம்ல மளிகைக் கடையாம். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்னாரு. என்னை வேலைக்காரின்னு நினைச்சிட்டாரு போல."

மரியநாதன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அந்த முதல் சம்சாரத்தோட கல்லறை எங்கன்னு எங்கிட்டயே கேட்டாரு. எதுக்கும் பார்த்திடலாம்னு மறுநாளே உங்க கண்ணு முன்னால வேரை இடிச்சேன். அன்னிக்கு ராத்திரியே போத்தலை மாத்திட்டேன். பின்வாசல் இடுக்கு வழியா பார்த்துட்டுத்தான் வந்தேன், இப்ப நீங்க எனக்கு ஊத்தினது அரிசி களைஞ்ச தண்ணி."

அவன் எழப் பார்த்தான். கால் நிற்கவில்லை.

"அப்ப... அந்த வேரைப் பிழிஞ்ச தண்ணி எங்க?"

காலியாகிவிட்ட அவன் டம்ளரைப் பியாட்ரிஸ் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்க காப்பி எப்படி இருந்துச்சு?"