நாலாவது அடுக்கு

"கடப்பாரைய அப்பிடியே போட்டுராதீக. மெதுவா கீழ வைங்க."

அந்தக் குரலில் சத்தமே இல்லை. அதனால்தான் கூலியாள் நாகையாவின் கை நின்றது. தார்ச்சாலையின் நடுவே தோண்டிய குழிக்குள் நின்றிருந்தவர், கடப்பாரையைச் சத்தமில்லாமல் மண்ணில் கிடத்தினார்.

சினேகா அப்போதுதான் சூலக்கரையிலிருந்த மேலதிகாரியிடம் போனில் பேசி முடித்திருந்தாள். புதுச்சாலை போடுமுன் பழைய சாலையையும் அடிமண்ணையும் சோதிக்க வந்த பொறியாளர் அவள். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்குத் தார், கல்லாட்டம் இருக்கிறது. எதையும் பெயர்க்க வேண்டாம், மேலேயே நாலாவதைப் போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தாள். அடிமண்ணில் ஒரு பை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

கடப்பாரையைக் கீழே வைக்கச் சொன்னவர் எதிர்வீட்டுச் சங்கிலிமுத்து. காலையிலிருந்து குழியருகே குந்தியிருந்தவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்த கை, முழங்கைவரை வெந்து சுருங்கியிருந்தது.

"கீழ மருந்து கெடக்கு தாயி" என்றார்.

தெரு உருவாகுமுன் இது தரிசு என்றார். இப்போது இல்லாத ஒரு கம்பெனி, கழித்துப்போட்ட வெடிமருந்தைச் சாக்கில் கட்டி இங்கே புதைத்ததாம். சுமந்து வந்தவர்களில் அவரும் ஒருவராம். எந்த இடம் என்று கேட்டதற்கு, தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

"மூணு தடவை ரோலர் ஓடியிருக்கே. ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள் சினேகா.

"அப்ப வந்ததெல்லாம் சும்மா உருளுற ரோலரு. இப்ப வர்றது அதிருதுல்ல? மருந்துக்கு அது ஆகாது தாயி."

நாகையா உரசலுக்குப் பயந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குழியைவிட்டு ஏறினார். அவருக்கும் பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த வெம்பக்கோட்டைப் பக்கம்தான். "இங்கன யாரும் மருந்துன்னு வெளையாட்டுக்குச் சொல்ல மாட்டாக மேடம்" என்றார்.

சங்கிலிமுத்து, சாலையைவிடத் தாழ்ந்திருந்த தன் வீட்டுக்குள் இறங்கிப் போனார். ஒரு குடம் தண்ணீரோடு மூச்சு வாங்க மேலேறி வந்து குழியில் ஊற்றினார். அவர் மனைவி வள்ளித்தாய் வாசலில் நின்று அவரையே பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள், கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

சினேகா மறுபடியும் சூலக்கரைக்குப் போன் போட்டாள். மேலே அடுக்கும் பேச்சுக்கே இனி இடமில்லை, மண் தெரிகிறவரை மொத்தச் சாலையையும் எடுத்தாக வேண்டும் என்றாள். மறுமுனையில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசி, பின்னால் ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

அடுத்த வாரம் தெருவைக் காலி செய்து சனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். தெருமுனையில் தீயணைப்பு வண்டி நின்றது. சாலையை ஊற ஊற நனைத்து, பாளம் பாளமாகக் கையாலேயே பெயர்த்தார்கள். ஆட்கள் வெறுங்காலோடு நின்றார்கள். சினேகா தூரப் போகாமல் கூடவே நின்றாள். இவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் அது தன் கணக்கில்தான் என்று அவளுக்குத் தோன்றியது. இரும்பு கல்லில் உரசும்போதெல்லாம் இன்னும் தண்ணீர் ஊற்றச் சொன்னாள்.

தார் போனது. ஜல்லி போனது. கடைசியில் கரிசல் மண் வந்தது. தெருவின் மறுமுனைவரை தோண்டியும் ஒரு சாக்கு நூல் இல்லை. கந்தக வாடைகூட இல்லை.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் சினேகாவுக்கு முதலில் கண் கலங்கியது. அப்புறம்தான் கோபம் வந்தது.

அன்று சாயங்காலமே சனங்கள் திரும்பி வந்தார்கள். சங்கிலிமுத்து தன் வீட்டு வாசலில், தெருப்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வள்ளித்தாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"எங்கய்யா மருந்து?" என்றாள் சினேகா. "இத்தனை உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னோமே. எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"மருந்தெல்லாம் இல்ல தாயி. மழைத் தண்ணிதான் வீட்டுக்குள்ள வந்துக்கிட்டிருந்துச்சு."