பாஸ்டருக்குப் பிரிவு உபசாரம்

மைக்கைப் பிடித்த கன்னையா தேம்பித் தேம்பி அழுதார். "எங்க நைனா செத்தப்பகூட நான் இப்டி அழுவல," என்றார்.

முன்வரிசையில் பாஸ்டர் கிரண்குமார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், வழியனுப்ப வந்திருந்த, சபைகளின் மாவட்டக் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தடாவுக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய அந்தக் குப்பத்தில் மெதடிஸ்ட் சபை என்பது மொத்தம் பதினெட்டுக் குடும்பம். அதற்குள் ஐந்து கோஷ்டி. அத்தனை பேரையும் ஒரே மனமாக்கிய பெருமை பாஸ்டரையே சேரும். அவரை ஊரைவிட்டு அனுப்புவதில் யாருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை.

இரண்டு மணி நேரப் பிரசங்கத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஜெபத்தில் பெயர் சொல்ல ஆரம்பித்ததுதான் வினை. "ஆண்டவரே, கன்னையா நேத்தும் குடிச்சிட்டாரு," என்று அவர் ஸ்பீக்கரில் முறையிட்டது, ஆண்டவருக்கு முன்னால் மீன் ஏலக்கூடத்துக்குக் கேட்டுவிட்டது.

சபைச் செயலாளரான கன்னையா அன்றே மனு எழுதினார். பதினெட்டுக் குடும்பமும் கையெழுத்துப் போட்டது. அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மாற்றல் உத்தரவு வந்து நின்றது.

"பாத்தியா, நம்ம உபவாசத்தோட பவரு," என்று மனைவி செங்கம்மாவிடம் சொல்லி, மனுவைக் கிழித்துப் போட்டார்.

"நாமதான் அனுப்பவே இல்லியே. அப்ப ஆரு கேட்டு மாத்தனாங்க?" என்றாள் அவள். கன்னையா இறால் பிரியாணிக்கு ஆள் சொல்லப் போய்விட்டார்.

போகிறவரைப் புகழ்வதில் என்ன நஷ்டம்? ஆளுக்கு ஆள் அள்ளி விட்டார்கள். தாட்சாயணி மயங்கிச் சாயப் பார்த்தாள். பழனி பாஸ்டரின் காலைக் கட்டிக்கொண்டு, "எங்கள உட்டுட்டுப் போய்க்கினே இருக்கீங்களே ஐயா," என்று புரண்டான்.

கடைசியாக மைக் கண்காணிப்பாளரிடம் வந்தது. அவர் பாஸ்டரைச் செல்லமாக முறைத்தார்.

"இந்த ஊர்ல ஒருத்தருக்கும் என்னப் புடிக்கல, எங்கயாவது மாத்தி உடுங்கன்னு எனக்கு மூணு லெட்டர் போட்டீங்களே, கிரண். இவங்களயா சொன்னீங்க?"

பாஸ்டர் பதறி எழுந்தார். கன்னையாவும் எழுந்தார்.

"உக்காருங்க. மாத்தல் கேன்சல்."