பின்னாடி கிளாம்ப்

கிளாம்ப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தான் அன்பரசன்.

"இதுல எது மேல, எது கீழக்கா?"

பாக்கியமேரி ஸ்டூலில் உட்கார்ந்து, விற்கப்போகும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சவரிராஜ் எட்டு வருஷம் ஷட்டில் பேட்டுக்கு நரம்பு கட்டிப் பிழைத்த மிஷின். டீ குடிக்கப் போன மனுஷன் கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். முப்பதாம் நாள் பூசையும் போன வாரம் முடிந்துவிட்டது.

இனி ஆக வேண்டியதைப் பெண்ணாடத்தில் இருக்கும் அவள் அண்ணன்தான் முடிவு செய்தார். மிஷினை விற்றுவிடு, கடைச் சாவியைக் கொடுத்துவிடு, ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்து எங்களோடேயே இருந்துவிடு என்றார். சரி என்றாள். ஒரு மாதமாக யார் எது சொன்னாலும் அவள் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். செராமிக் கம்பெனியில் அவள் இடத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டதாகச் சொல்லியனுப்பியபோதும் சரி என்றுதான் சொன்னாள். அழுகைகூட வரவில்லை. வந்தால் தேவலை என்று தெருவே காத்துக்கொண்டிருந்தது.

காலையில் வேப்பூரிலிருந்து போன் செய்துவிட்டு, பத்து மணிக்கு பைக்கில் வந்து இறங்கியவன்தான் இந்த அன்பரசன். சவரிராஜ் அண்ணனை மேட்ச் நடக்கிற இடங்களில் பார்த்திருப்பதாகச் சொன்னான். புதிதாகத் தொழில் பழகப்போவதாகவும், ஒரு பேட்டைக் கட்டிப் பார்த்துவிட்டு மிஷினை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னான். அதற்கும் சரி.

கொண்டுவந்த பேட்டின் பழைய நரம்பை நடுவில் ஆரம்பித்து, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்றாக, வெளிப்பக்கம் நோக்கிச் சரசரவென்று வெட்டி எடுத்தான். ஓரத்தில் கத்திரி வைத்தால் ஃப்ரேம் கோணிக்கொள்ளும் என்று வருகிறவர்களைச் சவரிராஜ் திட்டுவது அவள் நினைவில் லேசாக வந்து போனது. பேட்டை மிஷினில் பூட்டிப் புது நரம்பைக் கோர்த்த பிறகுதான் ஆளின் லட்சணம் தெரிந்தது.

"கிளாம்ப்புல இருக்கற அந்தப் பல்லு ரெண்டும் நரம்பக் கவ்வணும் தம்பி. திருப்பிப் புடிங்க."

திருப்பினான். பிறகு இறுக்கு இறுக்கென்று இறுக்கினான். கிளாம்ப்புக்குள் நரம்பு நசுங்கி வெளுத்துப்போனது.

"அவ்ளோ முறுக்காதீங்க. சூளைக்குப் போகாத பச்சைக் கப்ப எப்படிப் புடிப்பாங்க? அப்படிப் புடிக்கணும். விட்டா நழுவிடும், அழுத்துனா நசுங்கிடும்."

"பச்சைக் கப்ப நான் எங்கக்கா பாத்தேன்?"

அவன் எங்கே பார்த்திருப்பான்? பதினோரு வருஷமாக ஈர ஸ்பாஞ்சால் பச்சைக் கப்புகளைத் துடைத்தவள் அவள். ஷிப்ட் முடிந்ததும் நேரே இந்த ஸ்டூலுக்கு வந்துவிடுவாள். சவரிராஜ் கட்டிக்கொண்டே பேசுவார், இவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள். பேச்சில் பாதி கிளாம்ப்பைப் பற்றித்தான் இருக்கும். அந்த மனுஷனுக்கு வேறென்ன பேச வரும்!

அன்பரசன் அடுத்த நரம்பைக் கோர்த்தான். அதை இழுப்பதற்கு முன்பாகவே, பின்னால் இருந்த கிளாம்ப்பைக் கழற்றக் கையை நீட்டினான்.

பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது.

"அத எடுக்காதீங்க! அடுத்தத இழுத்து நிறுத்திட்டுத்தான் பின்னாடி கிளாம்ப எடுக்கணும். இல்லாட்டி இழுத்ததெல்லாம் தொளதொளன்னு போயிடும்!"

கத்தியது தான்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. வெட்கமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஏதோ ஞாபகத்துல அடிச்சிட்டேன்."

"பரவால்லக்கா. நீங்களே ஒருதடவ கட்டிக் காட்டுங்களேன். பாத்துக்கிறேன்."

"நான் முழுசா ஒண்ணு கட்டுனதே இல்லியே."

"நானுந்தான் கட்டுனதில்ல. எது கெட்டாலும் என் பேட்டுதானக்கா?"

சரி என்று உட்கார்ந்தாள். இழு, கவ்வ வை, அடுத்ததை இழு, பின்னால் இருப்பதை எடு. கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு முறை கிளாம்ப் வழுக்கிவிட்டது. அவளே பிரித்து மறுபடி இழுத்தாள். அன்பரசன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது மணி ஒன்றரை. நரம்பு அறுத்து விரல் நுனியெல்லாம் எரிந்தது. சவரிராஜ் போன பிறகு அவளுக்கு முதல்முதலாக வலித்தது அப்போதுதான். கண் நிறைந்துவிட்டது. அவன் பார்க்காதபடி திரும்பி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இந்த மிஷின் இன்னும் சற்று நேரத்தில் போய்விடும் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் கொடுத்த வாக்கை எப்படி மாற்றுவது?

அன்பரசன் பேட்டை வாங்கி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான். காதருகே வைத்து இன்னொரு தட்டு தட்டினான். வெளியே போனவன், பைக்கிலிருந்து ஒரு கட்டு பேட்டுகளை அவிழ்த்து வந்து மேசைமேல் வைத்தான். பத்துக்குக் குறையாது. எல்லாவற்றிலும் நரம்பு அறுந்திருந்தது.

"சனிக்கிழம மேட்ச்சு இருக்குதுக்கா. அதுக்குள்ள இதெல்லாம் கட்டி வெச்சிடுங்க."

"நானா? மிஷின எடுத்துக்கிட்டுப் போயி நீங்களே கட்டுங்க தம்பி. அதுக்குத்தானே வந்தீங்க?"

அன்பரசன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

"எங்க வூட்ல ஏற்கெனவே ரெண்டு மிஷின் ஓடுதுக்கா."